எம்லைன் சொன்ன ‘ஆமாம்’

எம்லைன் முதன்முதலாக நீதிமன்றத்துக்குப் போனது ரப்பர் பூட்ஸோடு. கோழி ஆலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் நின்றிருந்தவளை, இங்கிலீஷ் தெரிந்தவள் என்று மேலங்கியைக்கூட மாற்ற விடாமல், சூப்பர்வைசர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே எம்லைனைப் போலவே பசிபிக் கடலின் மார்ஷல் தீவுக்காரியான ஒருத்தியை நீதிபதி முன்னால் நிறுத்தி, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வைத்து முக்கால் மணி நேரம் விசாரித்திருந்தார்கள். அவளோ மரியாதைக்காரி, புரியாத மொழிக்கெல்லாம் பொறுமையாகப் புன்னகைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பழுப்புத் தோலும் கறுத்த முடியும் இருந்தால் ஸ்பானிஷ்தான் பேச வேண்டும் என்று ஆர்கன்சாவின் அந்த ஆலை ஊர் அப்போது தீர்மானமாக நம்பிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒன்பது வருஷம், அந்த நீதிமன்றத்தில் தீவுக்காரர்களுக்கு வாய் எம்லைன்தான். வாரத்தில் நாலு நாள் ஆலை, செவ்வாய்க்கிழமை நீதிமன்றம். கோழி வெட்டி வெட்டி மடங்கிப்போன விரல்களை மடிமேல் மறைத்துக்கொண்டு, சர்ச்சுக்குப் போடும் பூப்போட்ட நீள அங்கியில் உட்கார்ந்திருப்பாள். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தன் பங்குக்கு விளக்கம் கொடுக்கக் கூடாது என்று பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தாள். சத்தியத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை அவள். அவளுக்கு வந்த வினையே அதுதான் என்று நான் சொல்வேன்.

அவள் மொழியில் ‘போத்’ என்று ஒரு சொல் உண்டு. பிழை என்றாலும் போத், தப்பு என்றாலும் போத், பாவம் என்றாலும் அதுவேதான். சோற்றில் உப்பு கூடிப்போனாலும் போத், பெண்டாட்டியை அடித்தாலும் போத். ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று நீதிபதி கேட்டால், எம்லைன் ‘உங்கமேல போத் இருக்கா?’ என்று கேட்பாள். வேறு சொல் கிடையாது. இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

சிக்கல் என்னவென்றால், தீவுக்காரர்களுக்குப் போத் என்பது வைத்துக்கொள்கிற பொருள் இல்லை, தூக்கிப் போடுகிற பொருள். தப்பு செய்தவன் வீட்டார் பாயும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு, அடிபட்டவன் வீட்டுக்குப் போவார்கள். தலை குனிந்து, ‘எங்கமேல போத் இருக்கு’ என்பார்கள். அந்த வீட்டார் ‘தூக்கிப் போட்டாச்சு’ என்பார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுப்பவன்தான் தப்பு செய்தவன். மன்னிக்க மாட்டேன் என்று சொல்ல அங்கே யாருக்கும் உரிமை இல்லை.

மோலிக் என்பவன் அடித்தது தன் மைத்துனன் ஜெண்ட்ரிக்கை. மோலிக்கின் கடைசி மகளுக்கு முதல் பிறந்தநாள், ஊரையே கூட்டிப் பெரிய கூடம் எடுத்துச் செய்த விருந்து. பாட்டும் ஆட்டமும் களைகட்டியிருந்த நேரத்தில், யார் தாயை யார் சரியாகக் கவனித்தார்கள் என்பதில் பேச்சு தடித்தது. இரண்டு பேருக்கும் உள்ளே பீர் வேறு. மோலிக் சோற்றுக் கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டான். ஜெண்ட்ரிக்கின் கன்னம் கிழிந்தது, ஏழு தையல். கூடத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் பயந்துபோய் போலீஸைக் கூப்பிட்டார்.

மறுநாளே மோலிக் வீட்டார் பாயோடு போனார்கள். ஜெண்ட்ரிக்கும் தூக்கிப் போட்டான், வீங்கிய கன்னத்தோடு ஒரு பக்கமாக மென்று சாப்பிட்டான். அதோடு நிற்காமல், பார்வையாளர் நேரத்தில் ஜெயிலுக்கே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மோலிக்கிடம் சொல்லிவிட்டும் வந்தான். மோலிக்குக்கு ஒரே ஒரு குறைதான். எல்லாரும் தலை குனிந்த இடத்தில் தான் இல்லையே, தன் வாயால் சொல்லவில்லையே என்பது. பத்தொன்பது நாள் உள்ளே இருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவனை அழைத்துவந்தார்கள். அரசு கொடுத்த வக்கீல் ஹாலோவே, கையில் முப்பது நாற்பது வழக்குக் கட்டுகளோடு தாழ்வாரத்தில் ஓடிவந்தான். கெட்டவன் இல்லை. நேரம் இல்லாதவன், அவ்வளவுதான். ஆனால் அவன் முன்னால் நிற்பவனுக்கு அந்த இரண்டும் ஒன்றாகத்தான் வந்து முடிகிறது.

“நல்ல பேரம் பேசியிருக்கேன்,” என்றான் ஹாலோவே. “ஒப்புக்கிட்டா ஒரு வருஷம். ஆனா நிறுத்திவைப்பாங்க, உள்ளே இருக்க வேணாம். இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். நீங்க இந்த நாட்டுக் குடிமகன் இல்ல, அதனால குடியேற்றத் துறையில ஏதாவது சிக்கல் வரலாம். சரியா?”

எம்லைன் சொன்னதைச் சொன்னபடி சொன்னாள். மோலிக் சிரித்தான்.

“அது மெக்சிகோக்காரங்களுக்குச் சொல்றது அக்கா. நமக்குத்தான் விசாவே கெடையாதே. வரும்போது கேக்காதவன் இருக்கும்போதா கேப்பான்?”

எம்லைனுக்கும் சிரிப்பு வந்தது. தீவுக்கடலை அமெரிக்கப் படைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில், தீவுக்காரர்கள் விசா இல்லாமல் வந்து வேலை செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த வரி எல்லாருக்கும் தெரியும். குற்றம் செய்தால் துரத்தலாம் என்று அதற்குக் கீழே இருக்கிற வரியை ஆலையிலும் சர்ச்சிலும் யாரும் படித்துக் காட்டியதில்லை. ஒன்பது வருஷமாக அந்த எச்சரிக்கையை மொழிபெயர்த்தவளே, அது வேறு யாருக்கோ என்றுதான் நினைத்திருந்தாள். மோலிக் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் ஹாலோவேயிடம் சொல்லவில்லை. வேடிக்கைப் பேச்சுதானே என்று விட்டுவிட்டாள். அவன் அதற்குள் அடுத்த கட்டைப் பிரித்துவிட்டான்.

“ஜெண்ட்ரிக் வந்திருக்கானாக்கா?” என்று கேட்டான் மோலிக்.

“மூணாவது பெஞ்சுல இருக்கான்.”

“அப்ப சரி,” என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

உள்ளே நீதிபதி வரிசையாகக் கேட்டார். ஜூரி முன்னால் விசாரணை கேட்கும் உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறீர்களா? பேசாமல் இருக்கும் உரிமை உண்டு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு, விட்டுக்கொடுக்கிறீர்களா? பட்டியல் நீளமானது. இந்த நாட்டில் குடிமகன் இல்லாதவனுக்கும் இத்தனை உரிமை உண்டு என்பது பொய்யில்லை. ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிக்கொள்ள மொத்தம் நாலு நிமிஷம் ஆனது.

மோலிக் ஒவ்வொன்றுக்கும் புருவத்தை உயர்த்தினான். தீவுக்காரனுக்குப் புருவம் உயர்ந்தால் ஆமாம் என்று பொருள். பெரியவர்கள் முன்னால் வாய் திறந்து பதில் சொல்வதைவிட அதுதான் மரியாதை. குறிப்பெழுதும் பெண்ணுக்குப் புருவத்தைத் தட்டச்சு செய்யத் தெரியாது. ஆகவே எம்லைன் ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள்: “ஆமாம், கனம் நீதிபதி அவர்களே.”

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. எம்லைன் கேட்டாள்: “உங்கமேல போத் இருக்கா?”

மோலிக் நீதிபதியைப் பார்க்கவில்லை. விலங்கிட்ட கைகளோடு பாதி திரும்பி, மூன்றாவது பெஞ்சைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினான், புருவத்தை உயர்த்தினான். கன்னத்தில் தையலோடு ஜெண்ட்ரிக் தன் புருவத்தை உயர்த்தினான். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எம்லைனுக்குப் புரிந்தது. இவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, மன்னிப்புக் கேட்கிறான். கேட்டது கிடைத்தும்விட்டது, இவனைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. இதை நீதிபதியிடம் சொன்னால் விளக்கம் கொடுத்ததாகும், சத்தியம் கெடும். வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

“ஆமாம், கனம் நீதிபதி அவர்களே,” என்றாள்.

பேசியபடியே தண்டனையை நிறுத்திவைத்து, அன்றைக்கே மோலிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோராம் நாள், மேற்பார்வை அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போன மோலிக்கை வாசலிலேயே வைத்துக் குடியேற்றத் துறைக்காரர்கள் பிடித்தார்கள். லூசியானாவில் ஒரு தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள், வீட்டிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம். குற்ற வழக்கென்றால் கையில் காசில்லாதவனுக்கு அரசே வக்கீல் கொடுக்கும். நாட்டை விட்டு அனுப்புகிற வழக்குக்குக் கொடுக்காது. அது தண்டனையே இல்லையாம், வெறும் நிர்வாக நடவடிக்கையாம்! பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரித்து ஆறாயிரம் மைலுக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதற்கு எவ்வளவு அடக்கமான பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

மோலிக்கின் மனைவி நெய்ஜோன் அழுதுகொண்டே சட்ட உதவி மையத்துக்கு ஓடினாள். மொழிபெயர்க்க எம்லைனும் கூடப் போனாள். ஸ்டோல்ஸ் என்ற வக்கீலம்மா காகிதத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஒரு வருஷம்னு ஏன் எழுதினாங்க? முந்நூத்தி அறுபத்தி நாலு நாள்னு எழுதியிருந்தா, இந்தக் காரணத்தச் சொல்லி அவரத் தொட்டிருக்க முடியாது. அடிதடிக்கு ஒரு வருஷம் தண்டனைன்னா, அத நிறுத்திவெச்சிருந்தாலும் பெரிய குற்றம்னு கணக்கு. ஒரே ஒரு நாள்ம்மா. கேட்டிருந்தா நீதிபதி குறைச்சிருப்பாரு. அத எடுத்துச் சொல்ல வேண்டியது அந்த வக்கீலோட கடமை.”

ஒரு வழி இருக்கிறது என்றார். ஒப்புக்கொண்டது செல்லாது என்று அதே நீதிபதியிடம் கேட்கலாம். அவனுக்கு என்ன கேட்டார்கள் என்றே புரியவில்லை என்று நிரூபித்தால் போதும்.

“ஆனா கோர்ட் பதிவேட்டுல இருக்கறதெல்லாம் இங்கிலீஷ். பக்கம் பக்கமா, ‘குற்றம் சாட்டப்பட்டவர்: ஆமாம், கனம் நீதிபதி அவர்களே’ன்னு இருக்கு. அவர் உண்மையில என்ன சொன்னாரு?”

“அவன் ஒண்ணும் சொல்லலம்மா,” என்றாள் எம்லைன். “எல்லாம் நான் சொன்னது.”

ஸ்டோல்ஸ் காகிதத்தை மூடி வைத்தார். “இத நீங்க சாட்சி சொன்னா, உங்கள அதுக்கப்புறம் கூப்பிட மாட்டாங்க.”

“தெரியும். அவன் வீட்டுக்கு வரணும்.”

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்னால் ஸ்டோல்ஸ் ஒன்று மட்டும் படித்துப் படித்துச் சொன்னார். “மோலிக்கைப் பத்தி மட்டும் பேசுங்க. மத்தவங்களப் பத்தி யாராவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லிருங்க. புரியுதா?” எம்லைன் புருவத்தை உயர்த்தினாள்.

அன்றைக்கு நீதிமன்றத்தில் தீவுக்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். எம்லைன் ஒன்பது வருஷமாகக் கை வைத்த அதே பைபிளில் கை வைத்து, இந்த முறை தன் சொந்த வாய்க்குச் சத்தியம் செய்தாள். போத் என்ற சொல்லை விளக்கினாள். பாய், சாப்பாடு, மூன்றாவது பெஞ்ச், புருவம் எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்வாரத்தில் மோலிக் சிரித்ததையும், தானும் சேர்ந்து சிரித்ததையும் மறைக்கவில்லை. நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் இளகுகிறார் என்றே ஸ்டோல்ஸுக்குத் தோன்றியது.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். குரலில் கடுமையே இல்லை.

“குற்றத்த ஒப்புக்கறீங்களான்னு கேக்க, இந்த ஒன்பது வருஷமும் இதே சொல்லத்தான் சொல்லியிருக்கீங்களா?”

“ஆமா சார்.”

“எத்தன பேருக்கு?”

“எண்ணினதில்ல. இருநூறு பேர் இருக்கும்.”

“அப்ப அந்த இருநூறு பேரும் புரியாமத்தான் ஒப்புக்கிட்டாங்களா?”

தெரியாது என்ற ஒரு சொல் போதும். ஸ்டோல்ஸ் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். எம்லைன் பெஞ்சுகளைப் பார்த்தாள். சாராயம் குடித்துக் கார் ஓட்டியவன், மாமியாரின் காரைக் கேட்காமல் எடுத்துப் போனவள், மீன்பிடி அனுமதி இல்லாமல் பிடிபட்டவன், அதிலே பாதிப் பேர் அவள் வாய் வழியாகப் போனவர்கள். தெரியும் அவளுக்கு. பைபிளிலிருந்து கையை எடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“ஆமா சார்,” என்றாள். “அப்படித்தான் நினைக்கிறேன். எல்லாருமே.”

நீதிபதி கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவனுக்குப் புரியவில்லை என்றால் பிழையைத் திருத்தலாம். இருநூறு பேருக்குப் புரியவில்லை என்றால் திருத்துவதற்கு அவர் தன்னையே அல்லவா திருத்திக்கொள்ள வேண்டும்? அதற்கு எந்த நாட்டு நீதிபதிக்கும் மனசு வராது. ஒரு வாரம் கழித்து நாலு பக்கத் தீர்ப்பு வந்தது. இந்த மொழிபெயர்ப்பை நீதிமன்றம் நீண்ட காலமாக ஏற்று வந்திருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில்கள் பதிவேட்டில் தெளிவாக உள்ளன, மனு தள்ளுபடி.

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?” என்று ஸ்டோல்ஸ் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் கேட்டார். எம்லைன் சொன்னது பொய்யா என்றால் இல்லை. அந்த உண்மையால் யாருக்காவது நல்லது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. மேல்முறையீடு கேட்கலாம், அதற்குள் மோலிக்கை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றார் ஸ்டோல்ஸ். ஏற்றியும் விட்டார்கள்.

எம்லைனை நீதிமன்றம் அதன்பிறகு கூப்பிடவில்லை. இப்போது வேறு மாநிலத்திலிருந்து யாரோ ஒருத்தி தொலைபேசியில் மொழிபெயர்க்கிறாள். போய்வந்தவர்கள் சொன்னார்கள், அவளும் போத் என்றுதான் கேட்கிறாளாம். செவ்வாய்க்கிழமையும் எம்லைன் ஆலைக்கே போக ஆரம்பித்தாள்.

போன வாரம் ஸ்டோல்ஸ் அவளைக் கூப்பிட்டு, மேல்முறையீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்றார். “இந்த வகைக் குற்றத்துக்கு அனுப்பினா, அவர் திரும்பி வரவே முடியாதும்மா. பத்து வருஷம், இருவது வருஷம்னு எல்லாம் இல்ல. ஆயுசுக்கும். நெய்ஜோனுக்கு அது புரிஞ்சிருக்கான்னு எனக்குச் சந்தேகம். நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்.”

அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எம்லைன் நெய்ஜோன் வீட்டுக்குப் போனாள். வெறுங்கையோடு போகவில்லை. தாழை ஓலையில் பின்னிய பாய் ஒன்று, ஒரு பெரிய பானைச் சோறு, பொரித்த கோழி. துணைக்கு சர்ச் பெண்கள் இரண்டு பேர். நெய்ஜோன் கதவைத் திறந்து பாயைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து ஒதுங்கி நின்றாள். எம்லைன் பாயை விரித்து, முன்னால் மண்டிபோட்டுத் தலை குனிந்தாள்.

“என்மேல போத் இருக்கு நெய்ஜோன். உன் புருஷன் சொல்லாதத நான் சொன்னேன். சொல்ல வேண்டிய இடத்துல வாய மூடிட்டேன். மூட வேண்டிய இடத்துல தெறந்துட்டேன்.”

“தூக்கிப் போட்டாச்சுக்கா,” என்றாள் நெய்ஜோன். வேறு எதுவும் சொல்ல அவளுக்கு வழியும் இல்லை. எம்லைனைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு வழக்கப்படி தட்டு வைத்தார்கள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில், மோலிக் போன நாளிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. எம்லைன் அதைப் பார்த்தாள், என்னவென்று கேட்கவில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. தீவுத் தலைநகர் மஜூரோவிலிருந்து மோலிக். அங்கே திங்கட்கிழமை காலை. படம் வராது, குரல் மட்டும்தான், அதுவும் விட்டு விட்டு. நெய்ஜோன் ஒலிபெருக்கியைப் போட்டு மேஜைமேல் வைத்தாள். “எம்லைன் அக்கா பாயோட வந்திருக்காங்க,” என்றாள்.

“அய்யோ அக்கா, நீங்க எதுக்கு?” என்று சிரித்தான் மோலிக். “எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. ஜெண்ட்ரிக்கும் போட்டுட்டான், நீங்களும் பாய் விரிச்சாச்சு. கோர்ட்டுக்காரங்கதான் என் போத்தப் பத்திரமா வெச்சுக்கிட்டு, என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்க. போகட்டும். இங்க மாமா வீட்டுல படுக்க ஒரு மூலை குடுத்திருக்காங்க. மீன் கெடைக்குது. சமாளிச்சுக்கலாம்.” குரல் அறுந்து மறுபடி வந்தது. “அக்கா, கோர்ட்டுல நீங்கதான சொன்னீங்க, ஒரு வருஷம்னு? நானும் நெய்ஜோனும் நாள் எண்ணிக்கிட்டிருக்கோம். பாதி முடிஞ்சுது. சின்னவளோட ரெண்டாவது பொறந்தநாளுக்கு முடியாது, மூணாவதுக்கு இருப்பேன். ஒரு வருஷம்தானக்கா?”

எம்லைன் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. கண் நிறைந்தது, நிறைந்தது வழியாமல் இருக்க அவள் கண்ணை அகல விரித்தாள். புருவம் தானாக மேலே ஏறியது.

“அக்கா? கேக்குதா? ஒரு வருஷம்தான?”

நெய்ஜோன் எம்லைனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் குனிந்து, தொலைபேசியிடம் தெளிவாகச் சொன்னாள்.

“ஆமாங்கிறாங்க.”